ஓடுறதை ஏன் தொடுவான்?

போன மாதம் மார்க்கத்தில் ஒரு பிறந்தநாள் விழா. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மாமி, மேசையில் ஊற்றி வைத்த தண்ணீரைத் தொடவேயில்லை. கைப்பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்துக் குடித்தா. நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. குனிந்து, இரகசியம் கேட்பது மாதிரிக் கேட்டா: "தம்பி, உண்மையைச் சொல்லும். இந்தக் குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமோ?"

"குடிக்கலாம் மாமி. நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறன்."

"அப்ப வாக்கர்ட்டனில சனம் செத்தது?"

மாமி 1990களில் கனடா வந்தவ. வந்து கொஞ்சக் காலத்திலேயே தொலைக்காட்சியில் பார்த்த அந்தச் செய்தியை இன்னும் மறக்கவில்லை. மறக்காமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ரொறன்ரோ வீட்டு விலை தாங்காமல் அவவின் கடைசி மகன் இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கிப் போயிருக்கிறான். பேரப்பிள்ளைக்கு ஒன்றரை வயது. கேக் வெட்டக் கூப்பிட்டதால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு மே மாதம். ஒன்ராறியோவின் வாக்கர்ட்டன், ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்த ஊர். அடைமழை பெய்து, பக்கத்துப் பண்ணையில் கிடந்த மாட்டெரு கரைந்து, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஆழமில்லாத 5ஆம் இலக்கக் கிணற்றுக்குள் இறங்கியது. கூடவே ஈ.கோலை கிருமியும் போனது. 7 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்து எழுத வேண்டியவர்கள், அளக்காமலே எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. இன்னொரு கிணறு அதே மாதத்தில் சில நாட்கள் குளோரின் கருவியே இல்லாமல் ஓடியது.

பொய்க்கணக்கு, அலட்சியம், அரசாங்கத்தின் செலவுக் குறைப்பு எல்லாம் நீதிபதி டெனிஸ் ஓ'கொனரின் விசாரணை அறிக்கையில் விரிவாக உண்டு. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது அதில் உள்ள வேறொரு முடிவு. அந்த 5ஆம் இலக்கக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் பொருத்தியிருந்தால் இந்தத் தொற்று தடுக்கப்பட்டிருக்கும் என்கிறார் அவர். குளோரின் இறங்கியதும் அலாம் அடித்திருக்கும், பம்பு தானாக நின்றிருக்கும். அப்படியான கருவிகள் அன்றைக்குக் கடையில் கிடைக்காத பொருட்களும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. தொடர்ந்து வந்த விதிகளின்படி, குளோரினை இடைவிடாமல் அளக்கும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அளவு பதிவாக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இராப்பகலாக எழுதிக்கொண்டிருக்க எந்த மனிசராலும் ஏலாது. அந்த வேலையைச் செய்வது சுவரோடு நிற்கும் ஓர் இரும்பு அலுமாரிக்குள் இருக்கும் பெட்டி. தொழிலில் நாங்கள் பி.எல்.சி என்போம்.

1960களின் கடைசியில் கார்த் தொழிற்சாலைகளுக்கென்று பிறந்த சாமான் அது. பார்க்க ஒரு பெரிய சப்பாத்துப் பெட்டி அளவு, முகத்தில் பச்சை விளக்குகள். குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, தொட்டியில் மட்டம் எவ்வளவு என்று சென்சர்கள் சொல்வதைக் கேட்கும். எழுதி வைத்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்து வால்வைத் திறக்கும், பம்பை நிறுத்தும். இதை ஒரு செக்கனுக்குள் பல தடவை செய்யும். சென்சரிலிருந்து வரும் சைகையில் எனக்குப் பிடித்த ஒரு விசயம் இருக்கிறது. அது 4 மில்லி அம்பியரில் தொடங்கி 20 வரை போகும். ஏன் சைபரில் தொடங்கவில்லை? சைபர் வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று விளங்கிக்கொள்ளத்தான். எலி கடித்த வயர் எது, குளோரின் இல்லாத தண்ணீர் எது என்று பெட்டிக்குப் பிரித்தறியத் தெரிய வேண்டும். இதை யோசித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

சிக்கல் என்னவென்றால், பெட்டிக்கு வயது போவது வெளியில் தெரியாது. பம்பு கிழடானால் சத்தம் போடும், ஒழுகும், சூடாகும். பெட்டி இருபது வருசமும் அதே பச்சை விளக்கோடு இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதற்கிடையில் அதைச் செய்த நிறுவனம் அந்த வகையையே கைவிட்டிருக்கும். வட அமெரிக்க நிலையங்களில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த பி.எல்.சி-5 வகை 2017இல் உற்பத்தி நின்றது. ஐரோப்பாவில் அதே அளவு பரவிய எஸ்-7-300 வகையை 2023இல் படிப்படியாக விலக்கத் தொடங்கினார்கள். உற்பத்தி நின்ற வகைக்கு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இருக்கிற மிச்சத்தில் வாங்க வேண்டும், அல்லது ஈபேயில் தேட வேண்டும். நான் பகிடி விடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் குடிக்கும் தண்ணீரைப் பார்க்கும் பெட்டிக்கு, பழைய கமரா வாங்குவது மாதிரி, ஈபேயில் சாமான் வாங்கும் இடங்கள் இருக்கின்றன.

எங்கட நிலையமும் அதில் ஒன்று. ஊர்ப் பெயரும் பெட்டியின் பெயரும் வேண்டாம். அந்தப் பெட்டியோடு பேச விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற ஒரேயொரு லப்ரொப் இருந்தது. "தொடாதே" என்று ஒட்டி, லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தோம். சாமி அறையில்கூட அவ்வளவு பயபக்தி இராது.

சில வருசத்துக்கு முந்தி ஒரு ஜனவரி இரவு, இரண்டு மணியிருக்கும், அந்தப் பெட்டிக்கு மின் கொடுக்கும் கார்ட் செத்தது. திரை அப்படியே உறைந்து நின்றது. என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பினார்கள். பனிக்குள் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், ஓய்வு பெற இரண்டு வருசம் இருந்த மூத்த ஒப்பரேற்றர் கையில் டோர்ச்சோடு வால்வு வால்வாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற இளம் பொடியன் நல்ல கெட்டிக்காரன், திரையில் எல்லாம் தெரியும், ஆனால் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். உதிரிக் கார்ட் ஒன்று அலுமாரியில் இருந்தது. பழசாக வாங்கி, ஒரு தடவையும் போட்டுப் பார்க்காமல் வைத்தது. போட்டோம். அதுவும் செத்ததுதான்.

பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து இன்னொன்று வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அதுவரை அந்த மனுசன் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து போட்டு, இளஞ்சிவப்பு நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் குளோரினை எழுதினார். உண்மையாக அளந்து எழுதினார். ஊருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எழும்பினார்கள், பல் தீட்டினார்கள், கோப்பி போட்டார்கள்.

அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் புதிய பெட்டிக்கான கோரிக்கை மேசைக்கு வந்தது. மூன்றாவது தடவையாகத் தள்ளி வைத்தார்கள். "ஓடுதுதானே, ஓடுறதை ஏன் தொடுவான்?" என்று அர்த்தப்படும் ஆங்கில வசனம் ஒன்றை ஒரு சபை உறுப்பினர் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் நியாயமாகப் பேசினால், அந்தக் கேள்வியில் விசயம் இருக்கிறது. பழைய பெட்டிக்குள் இருப்பது வெறும் இலத்திரன் பாகங்கள் என்று நினைத்தால் பிழை. இருபது வருசமாக ஒவ்வொருவராக வந்து திருத்தின திருத்தங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, அனேகமாக ஒருவரும் எங்கும் எழுதி வைக்காமல். நான் முன்பு வேலை செய்த வேறோர் இடத்தில் பெட்டியை மாற்றினார்கள். பழைய நிரலில் ஒரு பம்பு நின்ற பிறகு அடுத்தது தொடங்க 40 செக்கன் காத்திருக்கும் ஒரு வரி இருந்தது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தேவையில்லாத வரி என்று ஒப்பந்தக்காரர் எடுத்துவிட்டார். இரண்டாம் கிழமை, திரும்பி வந்த தண்ணீர் அடித்த அடியில் ஒரு குழாய் மூட்டு வெடித்தது. அந்த 40 செக்கன் தண்ணீர் அடங்குவதற்காக யாரோ ஒரு பழைய ஆள் வைத்தது. ஆகவே தொடப் பயப்படுகிறவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன்.

புதிய பெட்டி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று கதைக்கிற விற்பனைக்காரர்கள்தான் எனக்குக் கூடுதல் பயம். பென்சில்வேனியாவின் அலிகுவிப்பாவில் நடந்ததைப் பாருங்கள். 2023 நவம்பர் கடைசியில், அங்கே தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும் ஒரு நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரானோடு தொடர்புபட்டதாகச் சொல்லப்படும் குழு ஒன்று புகுந்து, திரையில் தங்கள் அறிவிப்பைப் போட்டது. பெட்டி இஸ்ரேலில் செய்தது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தொடுதிரையோடு வந்த, எக்ஸ்பி லப்ரொப் தேவைப்படாத சாமான்தான் அது. ஆனால் நேரே இன்ரநெற்றில் தெரியும்படி விடப்பட்டிருந்தது. அந்த வகைப் பெட்டிகளுக்குத் தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பாஸ்வேர்ட் 1111. நல்லவேளை, ஊழியர்கள் கையால் இயக்கத் தெரிந்தவர்கள். ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

எங்கட பழைய பெட்டியை இன்ரநெற்றோடு தொடுக்கவே முடியாது. அந்த அளவில் அதன் கிழட்டுத்தனமே ஒரு காவல். புதியது வரும்போது வீட்டிலிருந்து கைபேசியில் பார்க்கலாம், ஒப்பந்தக்காரர் தன் கந்தோரிலிருந்தே திருத்தலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஒவ்வொரு வசதியும் ஒரு கதவு. அதற்குள்ளே ஓடுவதோ பெரும்பாலும் 1979இல் வந்த மொட்பஸ் என்கிற பேச்சு முறை. கட்டளை போடுகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் கிடையாது. யார் கேட்டாலும் பதில் சொல்லும், யார் சொன்னாலும் செய்யும். தூரத்து ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஒரு நீர் நிலையத்தின் அழுத்த அளவுகளை வெளியாட்கள் மாற்றி, அந்த ஊர்ச் சனத்துக்குத் தண்ணீர் ஒழுங்காக வராமல் போனது என்று 2025 அக்டோபரில் கனடிய இணையப் பாதுகாப்பு மையமே எச்சரிக்கை விட்டது.

புளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் கதை இன்னொரு விதம். 2021 பெப்ரவரியில் அங்கே காரச் சோடாவின் அளவு மில்லியனுக்கு 100 பங்கிலிருந்து 11,100 ஆக மாற்றப்பட்டது. திரையில் மவுஸ் தானாக நகர்வதைப் பார்த்த ஒப்பரேற்றர் உடனே பழைய அளவுக்குத் திருப்பினார். உலகம் முழுக்க ஹக்கர் கதையாக ஓடியது. இரண்டு வருசம் கழித்து, அது உள்ளே இருந்தவரின் கைப்பிழை என்று அந்த நகரின் முன்னாள் நிர்வாகி சொன்னார். எது உண்மையாக இருந்தாலும் என் கேள்வி ஒன்றுதான்: 100 இருக்க வேண்டிய இடத்தில் 11,100 என்று போட்டால் அந்த நிலையம் ஏன் ஏற்றுக்கொண்டது? "இவ்வளவுக்கு மேல் ஏற்காதே" என்று பெட்டிக்குள் ஒரு வரி எழுதப் பத்து நிமிடம் போதும். கள்ளனையும் அது மறிக்கும், நித்திரைக் கலக்கத்தில் இருக்கிற எங்களையும் மறிக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மாற்றத்தான் வேண்டும் என்பேன். செத்த பிறகு அவசரத்தில் மாற்றக் கூடாது, உயிரோடு இருக்கும்போதே ஆறுதலாக மாற்ற வேண்டும். வடிகட்டி ஒவ்வொன்றாக, தேவை குறைந்த மாதங்களில், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டு. பம்புக்கு வருசா வருசம் காசு ஒதுக்குவது போல இதற்கும் ஒதுக்கினால், இருபது வருசத்துக்கு ஒருமுறை சபையில் பிச்சை கேட்டு நிற்கத் தேவையில்லை. அந்தக் காசில் நல்ல பங்கு மனிசருக்குப் போக வேண்டும். இதுதான் முதலில் வெட்டு வாங்கும் பகுதி. நிரலின் பிரதியும் பாஸ்வேர்ட்டும் ஊரின் கையில் இருக்க வேண்டும், விற்றவரின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. வருசத்தில் இரண்டு தடவையாவது திரையை அணைத்துவிட்டு, அன்றைய வேலைக்காரர் நிலையத்தைக் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். தீயணைப்புப் பயிற்சி செய்வதில்லையா, அதே மாதிரி.

சபைக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் 2012ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து, குடிநீர் விசயத்தில் கவனமாக நடந்துகொள்ளும் கடமை நகரசபை உறுப்பினர்கள் மேல் தனிப்பட்ட முறையிலும் இருக்கிறது. தவறினால் தண்டமும் உண்டு, சிறையும் உண்டு. எங்கட ஆட்களும் சபைகளில் இருக்கிறார்கள், இன்னும் பலர் நிற்கப் போகிறார்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது தைப்பொங்கல் விழாவுக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்காமல், தண்ணீர் நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எத்தனை வயது, உதிரிப்பாகம் இருக்கிறதா, அதைப் போட்டுப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். மாமியின் மகன் போன ஊரில் இதைக் கேட்க ஆளிருக்கிறதோ தெரியாது.

எங்கட நிலையத்தில் கடைசியில் ஐந்தாவது தடவை காசு கிடைத்தது. வேலை நடக்கிறது. அந்த ஜனவரி இரவில் வால்வு திருப்பியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கிழமையில் ஒரு நாள் காசு கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். பழைய நிரலை அச்சடித்து மேசையில் விரித்து, இந்த இடத்தில் ஏன் காத்திருக்கிறது, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வரி வரியாகச் சொல்கிறார், பொடியன் எழுதுகிறான். சிலதுக்கு அவருக்கும் பதில் தெரியாது. அந்த வரிகளை ஒருவரும் தொடுவதில்லை என்று முடிவு.

இந்தப் பெட்டிக் கதையை நான் தமிழில் எழுத வந்ததற்கு ஊரும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரின் நிலை உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நீர், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று நாங்கள் ஊர்வலம் போன கதை. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரப் போட்ட திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் நின்று, கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள். 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. ஆற்றுத் தண்ணீரை வடிகட்டுகிற எங்கட நிலையத்தைக் கையால் அரை நாள் ஓட்டினோம். கடல்நீர் நிலையத்தை அப்படி ஓட்டுவது லேசில்லை. வளிமண்டலத்தைப் போல ஐம்பது அறுபது மடங்கு அழுத்தத்தில் சவ்வுகளுக்கூடாகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். அழுத்தம் கட்டுப்பாடு மீறினால் சவ்வு பழுதாகலாம். அது முழுக்க முழுக்கப் பெட்டியின் ஆட்சி.

இன்றைக்கு அங்கே எல்லாம் புதுசு, பச்சை விளக்கு எரியும். 2040இல் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க யாழ்ப்பாணத்தில் யார் இருப்பார்கள் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்ராகா என்ற பூர்வகுடி ஊரில், சுத்திகரிப்பு நிலையம் இருந்தும், 1995இலிருந்து கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அந்த ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும். ஒன்று பழுதானால் அதைத் திருத்தத் தெரிந்தவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் இங்கிருந்து போகும் காசில் கொஞ்சத்தை, இந்தப் பெட்டிகளில் கைப்பழக்கம் கொடுக்கும் பயிற்சி மேசைகளுக்கு ஒதுக்கலாம். ஒரு மேசைக்கு ஒரு பி.எல்.சி, நாலு சென்சர், ஒரு சின்னப் பம்பு, இரண்டு வால்வு காணும். பிள்ளைகள் பிழை விட்டு, உடைத்து, திருத்திப் பழகட்டும். ஒரேயொரு வேண்டுகோள்: இங்கே கழற்றிய பழைய பெட்டிகளை "ஊருக்கு உதவும்" என்று கொள்கலனில் ஏற்றி அனுப்ப வேண்டாம். என்னிடம் ஏற்கனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புதுசாக வாங்கி அனுப்புங்கள். கூடவே, கையால் குளோரின் அளக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டியும் ஒன்று சேர்த்து அனுப்புங்கள்.